எந்த வயதுக்கு நல்ல நேரம்

ஓட்டக் குழுவில் நேரம் குறிக்கும் தையற்காரர் கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டிருந்தார். சாலைத் திருப்பத்தில் பஸ் ஓட்டும் அக்காவின் மஞ்சள் பனியன் தெரிந்ததும் மறுபடி வெளியே எடுத்தார்.

"டிரைவரம்மா, எல்லா ஸ்டாப்லயும் நின்னு ஆளை ஏத்திட்டு வர்றீங்களா?"

முன்பே வந்து வியர்வை காய்ந்துபோயிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் கோட்டைத் தாண்டியதும் முதல் வேலையாக அவர் கையை இழுத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து கிலோமீட்டருக்கு ஒரு மணி இருபது நிமிடம். போன வருடம் ஒரு மணியும் சொச்சமும். கேலி அதிகப்படி என்று பட்டதோ என்னவோ, "இவ்ளோ தூரம் ஓடறதே பெரிசும்மா," என்றார் தையற்காரர்.

வீட்டுக்கு வந்த அக்கா சமையலறை நாற்காலியில் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "இது நல்ல நேரமான்னு உன் போன்ல பாத்துச் சொல்லுடி."

தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க ஆட்களை உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வாள். கடைசி வரி தெரியாத சிலர், முந்தைய ஆள் படித்ததைக் காதில் வாங்கி அப்படியே ஒப்பிப்பார்கள். அவர்களிடம் கறாராகப் பலகையை மாற்றிவிடுவாள். அந்தக் கறார் அக்காவிடம் மட்டும் வராது. அம்மா படுக்கையில் விழுந்த பிறகு தங்கைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அக்கா.

பத்து கிலோமீட்டர் ஓட்டத்தை எடைபோட்டுச் சொல்லும் பக்கம் ஒன்றைப் போனில் திறந்தாள். அது கேட்டது மூன்றே விஷயங்கள்: ஆணா பெண்ணா, வயது, ஓடிய நேரம். நாற்பத்துநான்கு என்று போட்டாள். புதிதாக ஓட வந்தவர்களுக்கும் கீழே என்று வந்தது. இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? வயதை ஐம்பது ஆக்கினாள். சுமார் என்றுகூட வரவில்லை. ஐம்பத்தைந்து. அறுபது. தப்புச் செய்கிறோமோ என்று ஒரு தயக்கம். ஆளை மாற்றவில்லையே, வயதைத்தானே கூட்டுகிறோம் என்று ஒரு சமாதானம். அறுபத்தெட்டில்தான் அந்தச் சொல் பச்சை நிறத்தில் வந்தது.

"நல்ல நேரம்னு போட்டிருக்குக்கா."

"எந்த வயசுக்கு?"

தங்கை போனை மேசையில் கவிழ்த்தாள்.

"சும்மா சொல்லு. நானும் அப்படித்தான் ஏத்திட்டே போவேன். போன மாசம் அறுபத்திரண்டுல வந்துச்சு."

"அறுபத்தெட்டு."

"ஒரு மாசத்துல ஆறு வயசு," என்றாள் அக்கா. "பரவால்ல, சீக்கிரம் பென்ஷன் வாங்கிடலாம்."

உடம்பு இளைக்கத்தான் அக்கா ஓடுகிறாள் என்று தங்கை இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அம்மாவுக்கும் ஏறக்குறைய இந்த வயதில்தான் தொடங்கியது. முதலில் மாடிப்படியில் பின்தங்கினாள். பிறகு சுவரைப் பிடித்து நடந்தாள். சோம்பல் என்று வீடே திட்டியது. தசை தேயும் நோய், பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்னதை அதன்பின் யாரும் பேச்சுக்கு எடுத்ததில்லை. அக்கா மட்டும் மாதாமாதம் கடிகாரத்திடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"டாக்டரைப் பாத்துடலாம்க்கா."

"பாத்தா எழுதிக் குடுத்துடுவாங்க. அப்புறம் டிப்போல ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாங்க. பாக்காம ஓட்டலாம்னா, நாளைக்கு முதல் வண்டி என்னோடது. ஸ்கூல் பிள்ளைங்க நின்னுட்டு வரும்." அக்கா குனிந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றினாள். "கையைக் குடு. பிரேக்னு வெச்சுக்கோ. ஓட்டலாமா கூடாதான்னு நீயே சொல்லு."

தங்கை எதிரே தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, உள்ளங்கைகளை விரித்தாள். அக்கா வலது பாதத்தை வைத்து மிதித்தாள். தங்கையின் முழங்கைகள் பின்னால் போய்ச் சுவரில் இடித்தன. நல்ல பலம். தங்கைக்குப் போன உயிர் திரும்பியது.

"நான் போதும்னு சொல்ற வரைக்கும் விடாதேக்கா."

கீழே தெருவில் யாரோ கடை ஷட்டரைத் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் கையிலிருந்த அழுத்தம் தளர்ந்தது.

"ஏன்க்கா விட்டுட்ட?"

"விடலடி. மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்."

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா பல்லைக் கடித்திருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நாற்காலியின் இரு விளிம்புகளையும் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. உள்ளங்கையில் பாதம் சூடாக, வெறுமனே இருந்தது.