ஐந்நூறு மணி நேர விளக்கு

மகளின் வகுப்பு பதினொரு மணிக் காட்சிக்கு வருகிறது என்று முந்தைய நாள் மாலைதான் எனக்குத் தெரிந்தது. அப்போதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு கோளரங்கத்தில். கவிழ்த்த கிண்ணம் போன்ற கூரை, அதன்கீழ் நூற்றிருபது நாற்காலிகள், நடுவில் கூரைமீது நட்சத்திரங்களை வீசும் கருவி. கருவியின் விளக்குகள் என் பொறுப்பு. விளக்கு மாற்றுவேன், லென்ஸ் துடைப்பேன், தூசி தட்டுவேன். அவ்வளவுதான் என் வானியல்.

ஆனால் குருவியைப் பள்ளியில் சேர்த்தபோது, 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் நான் எழுதியது 'வானியல் விஞ்ஞானி'. வரிசையில் முன்னால் நின்றவர் மருத்துவர் என்று எழுதினார், அவருக்கு முன்னால் நின்றவர் பொறியாளர். என் கை சும்மா இருக்கவில்லை. ஐந்து வருடமாயிற்று. குருவி அதை நம்பியே வளர்ந்தாள். வாய் ஓயாத பிள்ளை என்பதால்தான் வீட்டில் அவளுக்குக் குருவி என்று பேர். வகுப்பு முழுக்க என் புகழைப் பரப்பியிருக்க மாட்டாளா?

"நல்லா மாட்டிக்கிட்டீங்க" என்றாள் மனைவி. "இப்பவாச்சும் அவகிட்ட உண்மையச் சொல்லிடுங்க."

"காலைல சொல்றேன்."

"காலைல வாயில கொழுக்கட்டையா இருக்கும். எனக்குத் தெரியாதா உங்கள?"

அவள் சொன்னபடியே ஆயிற்று. காலையில் குருவி ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, நீங்கதானே இன்னிக்கு எங்களுக்கு ஷோ காட்டுவீங்க?"

"எனக்கு உள்ள ஆராய்ச்சி இருக்கும்மா. வெளிய வர முடியாது."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வழக்கமான நூறு கேள்வியில் ஒன்றுகூடக் கேட்காமல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தினமும் வேலைக்குப் போனதும் நான் முதலில் பார்ப்பது மணிப் பதிவேடு. கருவியின் பெரிய விளக்கு ஐந்நூறு மணி நேரம் எரியும். நானூற்றுத் தொண்ணூற்றைந்து ஆனதும் மாற்றிவிட வேண்டும், அது எவ்வளவு நன்றாக எரிந்தாலும் சரி. அன்றைக்குக் கணக்கு நானூற்றுத் தொண்ணூற்றேழு. புது விளக்கு பெட்டியில் தயாராக இருந்தது. மாற்ற அரை மணி நேரம் போதும்.

என் புத்தி அதிலா இருந்தது? அறிவிப்புப் பலகையில் 'விளக்குப் பிரிவு' என்ற வரிக்கு மேல் என் படம் சிரித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினேன். விளக்கறைக் கதவின் கண்ணாடியில் காகிதம் ஒட்டினேன். பேருந்து வந்துவிட்டதா என்று வாசலுக்கும் அறைக்கும் பத்து நடை நடந்தேன். கடைசியில் விளக்கை மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பதினொரு வருடத்தில் ஒருநாளும் அப்படி விட்டதில்லை.

பிள்ளைகள் வந்தார்கள். நான் விளக்கறைக்குள் ஒளிந்துகொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் மைக் அம்மா பேச ஆரம்பித்தார். காட்சிக்கு விளக்கம் சொல்பவர் அவர். சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டே எனக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். விண்வெளியில் வாயுவும் தூசியும் மேகமாகக் கிடக்கும். தன் எடையாலேயே அது உள்ளே சுருங்கும், சுருங்கச் சுருங்கச் சூடாகும். நடுப்பகுதி கோடிக்கணக்கான டிகிரியை எட்டும்போது ஹைட்ரஜன் ஹீலியமாக மாறத் தொடங்கும். நட்சத்திரம் பிறந்துவிட்டது. உள்ளிருந்து வெப்பம் வெளியே தள்ளும், எடை உள்ளே அழுத்தும். இந்த இரண்டும் மல்லுக்கு நிற்கும் வரைதான் அதற்கு வாழ்வு.

அடுத்தது பெரிய நட்சத்திரத்தின் சாவு. நடுப்பகுதி இரும்பாகிவிடும். இரும்பிலிருந்து அதற்கு வெப்பம் கிடைக்காது. தாங்க ஆளில்லாமல் நடுப்பகுதி ஒரே நொடியில் உள்ளே இடிந்து விழும். மைக் அம்மா குரலைத் தாழ்த்தினார். "இப்போது..."

டப்.

அது காட்சியில் வரும் சத்தம் இல்லை. கூரை முழுக்க இருட்டு. நூறு பிள்ளைகள் ஒரே குரலில் அலறினார்கள்.

அரங்க விளக்குகள் எரிந்தன, ஒலிபெருக்கியில் மைக் அம்மா கூப்பிட்டார்: "லைட்காரரே, கொஞ்சம் வெளிய வாங்க!"

போகாமல் இருக்க முடியுமா? நீலச் சட்டை, ஏணி, பருத்திக் கையுறை, புது விளக்குப் பெட்டி. அத்தனை பேருக்கும் நடுவில் நடந்து போனேன். குருவி மூன்றாவது வரிசையில் இருந்தாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனாலும் தெரிந்தது.

எரிந்து போன விளக்கு ஆற எட்டு நிமிடம் ஆகும். அதுவரை தொட முடியாது. ஏணி உச்சியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எட்டு நிமிடம் அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நேரத்தை ஓட்ட மைக் அம்மா பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொன்னார். கண்ணாடி போட்ட ஒரு பையன் எழுந்தான். "பெரிய நட்சத்திரம் சீக்கிரம் செத்துடும்னு சொன்னீங்க. அதுல எரிய நிறைய இருக்குமே, அப்ப ரொம்ப நாள்தானே இருக்கணும்?"

மைக் அம்மா அழுத்தம், வெப்பநிலை என்று ஆரம்பித்தார். பையன் முகம் தெளியவில்லை. அவரும் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"தம்பி, இங்க பாரு" என்றேன் மேலிருந்து. "கோள்களக் காட்டற குட்டி விளக்கு மூணு வருஷம் ஓடும். இந்தப் பெரிய விளக்கு வானத்தையே காட்டணும், அதனால அடிச்சுக்கிட்டு எரியும். ஐந்நூறு மணி நேரத்துல ஆயுசு முடிஞ்சுது. நட்சத்திரமும் அப்படித்தான். பெருசு பத்து மடங்கு வச்சிருக்கும், ஆனா ஆயிரம் மடங்கு வேகத்துல எரிச்சுடும். சின்னது நிதானமா கோடி கோடி வருஷம் எரியும்."

"ஓ!" என்று உட்கார்ந்தான். சில பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது, ஒரு நொடிதான்.

மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி குருவியை இடித்தாள். கூரை அப்படிப்பட்டது, கீழே கிசுகிசுத்தாலும் மேலே கேட்கும். "உங்கப்பா சயின்டிஸ்ட்டுன்னு சொன்னியே, எங்கடி அவரு?"

குருவி என்னைப் பார்த்தாள். கண்ணைத் திருப்பவில்லை, நேராகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"எங்கப்பா ஊர்ல இல்ல. வெளியூர் போயிருக்காரு."

அவள் என்னைப் பார்த்து வெட்கப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் முகத்தில் வெட்கம் இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற கவலைதான் இருந்தது. நான் சொன்ன பொய்யைப் பதினொரு வயதுப் பிள்ளை தூக்கிச் சுமந்துகொண்டிருக்கிறது, எவ்வளவு நாளாகவோ.

எட்டு நிமிடம் முடிந்தது. கையுறை போட்டு, விரல் படாமல் புது விளக்கைப் பொருத்தி, மூடியை இறுக்கினேன். மைக் அம்மா அரங்க விளக்கை அணைக்கக் கை நீட்டினார். இருட்டிவிட்டால் நான் நழுவிப் போய்விடலாம்.

"அணைக்காதீங்க" என்றேன். "குருவி, அப்பா எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன். நான் சயின்டிஸ்ட் இல்ல. லைட்காரன். பிள்ளைங்களா, பள்ளிக்கூடத்துல தப்பா எழுதினது நான்தான், அவ இல்ல."

நூறு தலைகள் மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பின. குருவி மூக்கை உறிஞ்சிவிட்டு, வீட்டில் என்னை அதட்டுகிற அதே குரலில் சத்தமாகச் சொன்னாள்:

"சரிப்பா, இறங்கி வந்து ஷோவப் போடுங்க. நட்சத்திரம் பாதிச் சாவுல நிக்குது."