ஓரத்தில் யார் நிற்பது

அந்தப் பெண்ணை வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் மங்கல் என்றுதான் கூப்பிடுவார்கள். ஹோட்டல் அறைகளிலும் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் அறைகளிலும் மாட்டுகிற படங்களைச் செய்வது அவள் தொழில். கண்ணுக்கு இதமாக இருக்கும். என்ன படம் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

செய்கிற விதம் ஒன்றும் பெரிய வித்தையில்லை கண்ணுகளா. ஒரு புகைப்படத்தின் நாலு ஓரத்திலும் நூலளவு மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் உள்ளதை எல்லாம் அழித்துவிடுவாள். பிறகு கம்ப்யூட்டர் இந்த ஓரத்து நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, எதிர் ஓரத்து நிறம் வரைக்கும் நிரப்பிக்கொண்டே போகும். பாலில் சாயம் கரைகிற மாதிரி. கோடும் இருக்காது, முகமும் இருக்காது.

அவளுடைய அக்காள் கணவனைப் பிரிந்தவள். பிரிந்த கையோடு ஹாலில் இருந்த கல்யாணப் படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். ஒன்பதாவது படிக்கும் மகள் திரும்ப மாட்டச் சொன்னாள். அம்மா முடியாது என்றாள். அதிலிருந்து மகள் ‘ம்’, ‘இல்ல’, ‘சரி’ என்ற மூன்று வார்த்தைகளிலேயே அம்மாவோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அக்காளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தாள்.

“அவரு மூஞ்சி இருக்கக் கூடாது. ஆனா இது அந்த போட்டோதான்னு அவளுக்குத் தெரியணும். முடியுமாடி?”

மங்கல் படத்தை ஸ்கேன் செய்து வழக்கம்போல ஓரங்களை மட்டும் விட்டுவைத்தாள். திரை முழுக்க ஒரே பச்சை. என்னவென்று பார்த்தால், இடது ஓரத்தில் அக்காளின் நாத்தனார், ஜூஸ் தட்டும் கையுமாகப் பாதி உடம்போடு நிற்கிறாள். அவள் உடை பச்சை.

“கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான். எங்க திரும்பினாலும் அவதான் இருந்தா,” என்றாள் அக்காள்.

மங்கல் திரையில் படத்தைச் சுற்றியிருந்த சட்டத்தை ஒரு விரற்கடை உள்ளே தள்ளினாள். நாத்தனார் போனாள், மாப்பிள்ளைத் தோழனின் ஆரஞ்சுச் சட்டை ஓரத்துக்கு வந்தது. அது காமாலை கண்ட மாதிரி இருந்தது. இன்னும் தள்ளினாள். மாமனாரின் சாம்பல் நிற உடை வந்து, படம் மழைக்கு மூடிக்கொண்ட வானமானது. யாரை வெளியே அனுப்பினாலும் அடுத்தவர் ஓரத்துக்கு வந்து நின்றுவிடுகிறார். மங்கலுக்குச் சிரிப்பு வந்தது. அக்காளுக்கு வரவில்லை. இதோடு விட்டுவிடலாம் என்றாள்.

பள்ளிக்கூடம் விட்டு மகள் அங்கேதான் வருவாள். வந்தவள் பையைக் கழற்றாமலேயே திரையைப் பார்த்தாள், பக்கத்தில் கிடந்த அசல் படத்தையும் பார்த்தாள். எப்படிச் செய்வது என்று சித்தியிடம் கேட்டாள். மங்கல் சொல்லிக்கொடுத்தாள். மகள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சட்டத்தைச் சுருக்கிக்கொண்டே போனாள். தோழன் போனான், மாமனார் போனார், எல்லோரும் போனார்கள். கடைசியில் மணமக்கள் இருவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் கொண்டுவந்து நிறுத்தினாள். இடது ஓரம் அப்பாவின் நீலக் கோட்டு. வலது ஓரம் அம்மாவின் கருஞ்சிவப்புப் புடவை. மேலே சுவரின் வெளிர் மஞ்சள், கீழே தரை.

பட்டனை அழுத்தினாள். நீலமும் சிவப்பும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து வந்து நிரம்பின.

அக்காளுக்கு உடனே தெரிந்துவிட்டது. “அது அவரு கோட்டுல்ல?”

“ஆள் இல்லல்ல? நிறம்தானே,” என்றாள் மகள். “நீயும்தான் அதுல இல்ல.”

அக்காள் திரைக்குப் பக்கத்தில் வந்தாள். பிறகு அக்காள் தங்கையைப் பார்த்து, நீலம் எந்த இடத்தில் முடிகிறது, காட்டு என்றாள். மங்கல் படத்தைப் பெரிதாக்கினாள். குட்டிக் குட்டிக் கட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றும் பக்கத்துக் கட்டத்தைவிடக் கொஞ்சமே கொஞ்சம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

“அப்படி ஒரு இடம் இல்லக்கா.”

அக்காள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஹால்ல வேணாம். தெனமும் பாக்க என்னால முடியாது. உன் ரூம்ல மாட்டிக்கோ. தோணுறப்ப நான் வந்து பாத்துக்கறேன்.”

“கதவைத் தட்டிட்டு வரணும்,” என்றாள் மகள்.

மங்கல் பிரிண்டருக்கு அனுப்பினாள். அகலமான காகிதம். முதலில் சுவரின் மஞ்சள் வந்தது, பின்னால் இரண்டு பக்கமும் நிறம் ஏற ஏறக் காகிதம் கீழே சுருண்டது. மகள் ஓடிப்போய் படத்தின் வலது மூலையைப் பிடித்தாள்.

“நீ அந்தப் பக்கம் பிடிம்மா, மடங்குது.”

அக்காள் போய்ப் பிடித்தாள். அவள் கைக்கு வந்தது நீலப் பக்கம். காகிதம் முழுசும் வெளியே வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.