ஒரு கிண்ணம் பசலை

ஏழேகால் ஆகியும் வெட்டுப்பலகைச் சத்தம் கேட்கவில்லை.

கண்ணாடிக் கடைக்காரர் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். அடுப்பில் பாத்திரம் ஏறும் சத்தம் வந்தது. தட்டு கழுவும் சத்தம் வந்தது. பலகை மட்டும் வாயைத் திறக்கவில்லை. மனைவிக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை என்று தெரிந்துகொண்டு முகத்தைத் துடைத்தார்.

மேஜைமேல் ஒரு டப்பாதான் இருந்தது. மற்ற நாட்களில் இரண்டு இருக்கும். பெரியதில் சாப்பாடு, வட்ட டப்பாவில் சாலட். சாப்பாடு வீட்டுக்குப் பொது. அவளும் அதைத்தான் சாப்பிடுவாள். சாலட் அவருக்கு மட்டும்.

"வரேன்" என்றார். அவள் அடுப்பைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவருடைய இதயத்தில் ஒரு வால்வைக் கழற்றிவிட்டு உலோக வால்வு வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் சாலட் வந்தது. எண்ணெயைக் குறை, பச்சைக் காய்கறியைக் கூட்டு என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். முதல் நாள் அவள் இலைகளை நறுக்கித் தட்டில் வைத்தபோது, "நான் என்ன ஆடா?" என்று கேட்டார். மறுநாள் அவள் வேறு மாதிரி செய்தாள்.

அப்படியே மாற்றி மாற்றிச் செய்து அவர் நாக்கைக் கண்டுபிடித்தாள். பசலை இலையைக் கழுவி, துணியில் முடிந்து, பால்கனியில் நின்று வீசி வீசி உதறுவாள். ஈரம் இருந்தால் எலுமிச்சைச் சாறு ஒட்டாது. லெட்டூஸைக் கத்தியால் தொடமாட்டாள், கையால் கிழிப்பாள். கோஸை மெல்லிசாகச் சீவி, உப்புப் போட்டுப் பிசைந்து, அது தளர்ந்த பிறகுதான் சேர்ப்பாள். வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டுக் காரத்தை எடுப்பாள். வெள்ளரியின் விதையை வழித்துவிடுவாள். வறுத்த வேர்க்கடலை தனிப் பொட்டலமாக வரும். முன்னாலேயே போட்டால் நமத்துப்போகும். வேறு எதற்கும் அவள் இவ்வளவு மெனக்கெட்டு அவர் பார்த்ததில்லை.

சண்டை என்றால் சத்தம் போடுகிறவள் அல்ல. சாப்பாடு நேரத்துக்கு வரும், துணி துவைத்து மடித்திருக்கும். வட்ட டப்பா மட்டும் அலமாரியில் கவிழ்ந்திருக்கும். அதுதான் பேச்சு. அவரும் அதற்குப் பழகிவிட்டார். சாயங்காலம் ஒரு கட்டுக் கீரை வாங்கிவந்து, சொல்லாமல் கொள்ளாமல் சமையல் மேடையில் வைத்துவிடுவார். மன்னிப்புக் கேட்டாகிவிட்டது என்று அர்த்தம். காலையில் பலகைச் சத்தம் கேட்டால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். கேட்காவிட்டால் கீரை வாடும், அவரும் வாடுவார்.

இந்தத் தடவை கட்டைவிரல். ஜன்னல் கண்ணாடி ஒன்று கட்டரால் கீறிய கோட்டில் உடையாமல் குறுக்கே பிளந்துகொண்டது. ரத்தம் நிற்கவேயில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், அவள் அவிழ்த்துப் பார்த்தாள்.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடற மனுஷன் கண்ணாடி வெட்டலாமாங்க? கடையில உக்காந்து அளவு எழுதுங்க, வெட்டறதை வேற ஆளு பாக்கட்டும்னு எத்தனை தடவை சொல்றது?"

"வேற ஆளு வெட்டினா கடை தாங்குமா?"

"நான் தாங்குவேனான்னு கேளுங்க."

அத்தோடு பேச்சு நின்றது. அன்றைக்குக் கவிழ்ந்த டப்பா ஒரு வாரமாக நிமிரவில்லை.

*

ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் நர்ஸ் பழைய முடிவுகளைத் திரையில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"போன தடவை ரத்தம் ரொம்ப கெட்டி. மாத்திரையைக் கூட்டினோம். இப்ப பாத்தா தண்ணியா இருக்கு. அதுக்கு முந்தியும் இதே கதைதான். மாத்திரையை ஒழுங்கா போடறீங்களா சார்?"

"சத்தியமா போடறேன் சிஸ்டர்."

"கீரை சாப்பிடுவீங்களா?"

"நல்லா சாப்பிடுவேன். வீட்டுல சாலட் செஞ்சு தருவா. பசலை, லெட்டூஸ், கோஸ் எல்லாம் போட்டு." அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

"தினமுமா?"

அவர் கட்டைவிரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார்.

"கீரை தப்பில்ல சார், நல்லதுதான். அளவு மாறுறதுதான் தப்பு. மாத்திரை ரத்தத்தை இளக்குது. பச்சை இலை அதைக் கெட்டிப் பக்கம் இழுக்குது. தினம் ஒரே அளவு சாப்பிட்டீங்கன்னா அதுக்கேத்த மாதிரி டாக்டர் மாத்திரை எழுதிடுவார். ஒரு வாரம் மேஞ்சுட்டு அடுத்த வாரம் தொடாம இருந்தா நாங்க எதை நம்பி எழுதறது? கெட்டியானா அந்த வால்வுல ரத்தம் கட்டிக்கும். அந்தக் கட்டி மூளைக்குப் போச்சுன்னா பேச்சு போயிடும், கை கால் விழுந்துடும். சில பேர் பொழைக்கறதே இல்ல. பயமுறுத்தலை, உள்ளதைச் சொல்றேன்."

"சரி சிஸ்டர்."

"அடுத்த தடவை வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. நானே சொல்றேன்."

"வேணாம், நானே சொல்லிடறேன்" என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தார். மகள் தலைப்பிரசவம் முடிந்து நல்லபடியாகத் திரும்பிப் போன மாதம், மனைவி கிண்ணம் வழிய வழியச் செய்துகொடுத்தாள். அந்த மாதம்தான் ரத்தம் கெட்டி. அவர் ஏணியிலிருந்து சறுக்கியதை மறைத்து, அது தெரிந்துபோன மாதம் ரத்தம் தண்ணீர். நர்ஸின் திரையில் மேலும் கீழுமாக ஓடியது அவருடைய குடும்பம்தான். வெட்டுப்பட்டால் அவளுக்குக் கோபம். கோபம் வந்தால் கீரை இல்லை. கீரை இல்லையென்றால் அடுத்த வெட்டில் ரத்தம் இன்னும் நிற்காது. அவள் சந்தோஷமாக இருந்தாலோ வால்வுக்கு ஆபத்து. இரண்டு பக்கமும் அவர் கழுத்துக்குத்தான் கத்தி. பிடித்திருப்பது அவள் கை, அவளுக்கே தெரியாமல்.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தார். கதவைத் திறந்தவள், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். ஒரு வாரத்தில் அவள் முகம் கொடுத்துக் கேட்ட முதல் வார்த்தை.

"எல்லாம் சரியா இருக்குன்னாங்க."

சொன்னால் அவள் இனிமேல் கோபப்படவே மாட்டாள். வாய்ச்சண்டை வராத பெண்ணுக்கு இருந்தது அந்த ஒரு டப்பா. அதையும் பிடுங்கிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

*

டப்பா கவிழ்ந்திருக்கும் நாட்களில் அவரே செய்துகொள்வது என்று முடிவெடுத்தார்.

கடையில் வெட்டு மேஜைப் பக்கம் போகவில்லை. அங்கே கண்ணாடித் தூள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். முன்னறையில் ரசீது எழுதும் மேஜையைத் துடைத்து, புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் பலகையைப் போட்டுக்கொண்டார். கூட்டாளி கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்தான். அவனை மீசை என்பார்கள். மீசையை எடுத்துப் பல வருஷம் ஆகியும் பேர் மட்டும் உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, அண்ணி விரட்டிட்டாங்களா?"

"வாயை மூடிட்டு அந்த எலுமிச்சம்பழத்தை எடு."

"ஆளுயரக் கண்ணாடியை ஒரே இழுப்புல வெட்டற கை. வெள்ளரிக்காய் முன்னாடி இப்படி நடுங்குதே!"

கை நடுங்கத்தான் செய்தது. கண்ணாடி எதிர்த்து நிற்கும். வெள்ளரி வழுக்கிக்கொண்டு ஓடியது. இலையை உதறாமல் போட்டதில் சாறெல்லாம் அடியில் குளமாக நின்றது. வெங்காயத்தை ஊறவைக்கவில்லை, சாயங்காலம் வரை வாய் எரிந்தது. மீசை ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்குக்கூட இதைப் போடாதீங்கண்ணே, பாவம்" என்றான்.

அடுத்த தடவை துணி கொண்டுபோனார். தெருவில் நின்று வீசி உதறினார். போகிறவர்கள் பார்த்தார்கள். கோஸை உப்புப் போட்டுப் பிசைந்தபோதுதான், அவள் கை தினமும் இதற்கு எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறது என்று உறைத்தது. மூன்றாம் தடவை மீசை சொல்லாமலே இரண்டாவது வாய் எடுத்தான்.

காதும் காதும் வைத்தாற்போல் நடந்தது. பை காட்டிக்கொடுத்தது.

அவள் அதைத் துவைக்க எடுத்தபோது அடியில் ஈரத்துணி ஒன்று சுருண்டு கிடந்தது. பச்சைக்கறை. எலுமிச்சை விதை ஒன்று ஒட்டியிருந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துணியைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"யாரு?"

"என்ன யாரு?"

"யாரு செஞ்சு குடுக்கறா?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது.

"இந்த வயசுல, இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு, எனக்கு எவ செஞ்சு குடுப்பா?"

"துணியில முடிஞ்சு உதறியிருக்கு. எனக்குத் தெரிஞ்சு நான் ஒருத்திதான் அப்படிச் செய்யறேன். யாருக்குச் சொல்லிக்குடுத்தீங்க?"

கறைத்துணிமேல் இருந்த அவள் விரல்கள் வெளிறியிருந்தன. அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்த இலையையும் அந்த எலுமிச்சையையும் இன்னொருத்தி தொட்டிருக்கலாம் என்பது அவளுக்கு நிஜமாகவே வலித்தது.

"நான்தான்" என்றார். "நானே செஞ்சுக்கறேன். நீ செய்யாத நாள்ல."

"ஏன்?"

பிடி கொடுக்காமல் பேசிப் பார்த்தார். முடியவில்லை. நர்ஸ் சொன்னதையெல்லாம் சொன்னார். வால்வில் கட்டுவதையும், பேச்சு போவதையும்கூட. கெட்டியான மாதம் எது, தண்ணீரான மாதம் எது என்பதை அவர் சொல்லவில்லை. அவள் தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டாள். முகத்திலேயே தெரிந்தது.

வீடு அடங்கிக் கிடந்தது. அவர் நெஞ்சுக்குள் வால்வு கைக்கடிகாரம்போல் டிக் டிக் என்றது. சுற்றிலும் பேச்சு நின்றால் அது வெளியே கேட்கும். இருவருக்குமே கேட்கும்.

"அப்ப, நான் கோவப்பட்டா நீங்க செத்துருவீங்களா?"

"அப்படி இல்லம்மா."

"சந்தோஷமா இருந்தாலும் செத்துருவீங்க."

"ஒரே அளவா இருக்கணும். அவ்வளவுதான் சொன்னாங்க."

அவள் துணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அன்று துவைத்ததில் அந்தக் கறை போகவில்லை.

*

மறுநாளிலிருந்து ஏழேகாலுக்குப் பலகைச் சத்தம் தவறவில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தாள். எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை அளவுக்கென்று ஒதுக்கினாள். பசலையை அதில் தலைதட்டி அளந்தாள், கூடுதலாக ஓர் இலை நீட்டிக்கொண்டிருந்தால் கிள்ளி எடுத்தாள். காரட்டோ தக்காளியோ மாறும். பச்சை மாறாது. மகள் போனில் நல்ல செய்தி சொன்ன அன்றும் அதே கிண்ணம். பக்கத்து வீட்டோடு தண்ணீர்க் குழாய்த் தகராறு வந்து கண் சிவந்திருந்த அன்றும் அதே கிண்ணம்.

நர்ஸ் திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "கோடு போட்ட மாதிரி இருக்கு சார். என்ன செஞ்சீங்க?"

"அவதான்" என்றார்.

அவர் தன் பங்குக்கு, இனிமேல் கட்டரைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அளவு எடுத்தார், ரசீது எழுதினார். வெட்டுவதை மீசை பார்த்துக்கொண்டான். ஒரு நாள் ஆளுயரக் கண்ணாடி ஒன்று வந்தது. வாடிக்கையாளர் அவசரப்பட்டார். மீசையின் கை கோட்டில் நிற்கவில்லை. "தள்ளு" என்று சொல்லி வாங்கி, ஒரே இழுப்பில் வெட்டினார். கண்ணாடி கோட்டிலேயே நேராகப் பிரிந்தது. தூக்கி நிறுத்தும்போது ஓரம் வழுக்கி உள்ளங்கையைக் கிழித்தது.

தையல் போட்டு அனுப்பினார்கள். மாத்திரை அளவாக வேலை செய்துகொண்டிருந்ததால் பிழைத்தீர்கள், ரத்தம் ஒருவழியாக நின்றது என்றார் டாக்டர். அவள் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வரும்வரை பேசவில்லை. விளக்கை அணைக்கும்வரை பேசவில்லை.

காலையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். இன்று சத்தம் வராது என்றுதான் நினைத்தார். வரக் கூடாது என்றுகூட ஒரு நினைப்பு. ஏழேகாலுக்குப் பலகை பேசத் தொடங்கியது. தட், தட், தட். நேற்றைய அதே வேகம்.

கட்டுப்போட்ட கையோடு கடைக்குப் போக முடியாது. மதியம் மேஜையில் சாப்பாடு வந்தது. பக்கத்தில் சாலட். அவருக்கு இடதுகைப் பக்கம் கரண்டியை வைத்தாள்.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பசலை உலர்ந்திருந்தது. லெட்டூஸ் கையால் கிழித்தது. வெங்காயத்தில் காரம் இல்லை. எலுமிச்சை கூடவுமில்லை, குறையவுமில்லை. உப்பு சரி. வேர்க்கடலை இப்போதுதான் தூவியது. வாயில் போட்டு மெதுவாக மென்றார். எங்காவது ஒரு கசப்பு, ஒரு கவனக்குறைவு, ஒரு கல் உப்பு அதிகம் இருக்கிறதா என்று தேடினார். எதுவும் அகப்படவில்லை. நேற்று காலை, கை கிழியும் முன்பு, டப்பாவில் வந்த அதே சாலட்.

அவள் எதிரில் உட்கார்ந்து தன் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. வால்வு டிக் டிக் என்றது.

கீரைக்கட்டு வாங்கிவந்து மேடையில் வைக்கலாம். வைத்து என்ன? நாளைக்கும் இதே கிண்ணம்தான் வரும். வாங்கிவராவிட்டாலும் வரும்.

அவர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். ஓர் இலை மிச்சம் வைக்கவில்லை. கரண்டியை உள்ளே வைத்துவிட்டுக் கேட்டார்:

"நீ கோவமா இருக்கியா இல்லையான்னு இனிமே நான் எதை வெச்சுத் தெரிஞ்சுக்கறது?"