வாயில் வைக்காத சமையல்

மூன்றாவது சீசாவை மூக்கருகே நீட்டியபோது ஜெயலக்ஷ்மி மாமி கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டு, “கிராம்பு” என்றாள். முதல் சீசாவுக்குக் காப்பிப்பொடி என்றும் இரண்டாவதற்குச் சோப்பு என்றும் சொல்லியிருந்தாள். தி. நகரில் காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டர் ஷஃபியுல்லா சீசாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

“மூணாவதுல வெறும் தண்ணிதாம்மா. முதல் ரெண்டும் தப்பு. எதுக்குப் பொய்? நான் என்ன மார்க்கா போடறேன்?”

மார்க்குதான். மயிலாப்பூரிலும் அடையாறிலும் இருபத்தாறு வருஷமாகத் தெவசச் சமையல் செய்து பிழைக்கிறவள் மாமி. பித்ருக்களுக்குப் படைக்கிற சாப்பாட்டைச் சமைக்கிறவள் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்பைக் கை சொல்லும், பக்குவத்தை மூக்கு சொல்லும். இலையில் உட்காருகிற பிராமணர்களும் நல்லது பொல்லாதது சொல்லமாட்டார்கள். தெவசத்தில் ருசியைப் பற்றிப் பேசக் கூடாது. ஆக, அத்தனை பதார்த்தத்துக்கும் மாமியின் மூக்கு ஒன்றுதான் இன்ஸ்பெக்டர். தொண்ணூற்று நாலாம் வருஷம் ஐப்பசி மழையில் வந்த ஜுரத்தோடு அந்த இன்ஸ்பெக்டர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டார். மாமி யாரிடமும் மூச்சுவிடவில்லை. போன வாரம் மந்தைவெளியில் ஒரு வீட்டில் பாயசம் அடிப்பிடித்தது. வந்த பிராமணர்கள் சொட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, ‘திருப்தி’ என்று சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்த வீட்டுக்காரிதான், “ஏன் மாமி, இப்படிக் கருகல் வாசனை அடிக்கறதே, தெரியலையா?” என்று கேட்டாள். அன்று வீட்டுக்குப் போய்ப் பெருங்காய டப்பாவுக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மாமி பயந்துபோய் அழுதாள்.

டாக்டர் அடுத்து நாக்கில் சொட்டுச் சொட்டாக விட்டார். உப்பு, தித்திப்பு, புளிப்பு, கசப்பு. நாலையும் பிசகாமல் சொன்னாள்.

“நாக்கு நல்லா இருக்கும்மா. அந்த ஜுரத்துல மூக்கு நரம்புதான் அடிபட்டிருக்கு. மாத்திரை தரேன். வாசனை திரும்பி வரலாம், ஒரு வருஷம்கூட ஆகலாம். வராமலும் போகலாம். அதுவரைக்கும் நாக்குல வச்சுப் பாத்து சமைங்க.”

“வாயில வெக்கப்படாது டாக்டர்.”

அவர் மாத்திரைச் சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார். “நோன்பு மாசத்துல எங்கம்மா நுனி நாக்குல உப்புப் பாத்துட்டுத் துப்பிடுவாங்க. தொண்டைக்குள்ள போகாது, நோன்பும் முறியாது.”

“உங்களுக்கு முழுங்கினாத்தான் தப்பு. எங்களுக்கு நாக்குல பட்டாலே எச்சல்.”

டாக்டரிடம் அதற்கு மருந்து இல்லை. கேஸ் கசிந்தாலும் தெரியாது, வீட்டில் சொல்லி வையுங்கள் என்று சீட்டை நீட்டினார்.

வியாழக்கிழமை அடையாறு காந்தி நகரில் தெவசம். பதினோரு வருஷமாக மாமி சமைக்கிற வீடு. கூடத்தில் வீட்டுப் பெரியவரை உட்காரவைத்து மந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு மருமகள் ஸ்ரீரஞ்சனி, பாங்க்கில் லீவு போட்டுவிட்டு, பழக்கமில்லாத மடிசாரோடு மல்லுக்கட்டிக்கொண்டு இலை நறுக்கப் போயிருந்தாள். பாயசம் கொதித்தது. கரண்டியிலிருந்து ஒரு சொட்டு மாமியின் விரலில் விழுந்தது. பார்க்க ஒருத்தரும் இல்லை. விரல் உதடுவரை போய்விட்டது. சட்டென்று உடம்பு கூச, குழாயடியில் போய்க் கையைத் தேய்த்துக் கழுவினாள்.

“ஸ்ரீரஞ்சனி, இங்க வாடிம்மா” என்று கூப்பிட்டாள். “ரெண்டு மாசமா எனக்கு வாசனையே தெரியறதில்லை. இது அடிப்பிடிச்சாக்கூடத் தெரியாது. உன் மாமனார்கிட்ட அப்பறமா சொல்லிக்கோ. இப்ப இங்க நின்னு என்ன வாசனை வரதுன்னு சொல்லு.”

ஸ்ரீரஞ்சனி கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். தொலைந்தது என்று நினைத்தாள் மாமி. செய்தி மயிலாப்பூர் முழுக்கப் பரவ ஒரு பிரதோஷக் கூட்டம் போதும். ஆனால் அந்தப் பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்பருகே வந்தாள்.

“பால் வாசனைதான் வரது மாமி.”

“ம்.”

“இப்ப ஏலக்காய்.” மாமி கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள். “அடியில லேசா ஏதோ… எறக்குங்கோ மாமி, எறக்கிடுங்கோ!”

மாமி இடுக்கியால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கினாள். இன்னொருத்தர் சொல்லி அவள் அடுப்பிலிருந்து எதையும் இறக்கியதில்லை. அவமானமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

“அடுத்தாப்ல வெண்ணெய் காய்ச்சணும். நிக்கறயா?”

“நிக்கறேன்.”

வெண்ணெய் உருகிச் சடசடவென்று பேச ஆரம்பித்தது. மாமி வாணலியைப் பார்க்கவில்லை. கையில் இடுக்கியோடு ஸ்ரீரஞ்சனியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.