சுற்றும் வட்டம்

மரக்காலை டிரம்முக்குள் விட்டு நெல் அள்ளியபோது வானதியின் விரலில் துணி தட்டியது. மஞ்சள் பையின் காது. பதறிப்போய் அதன்மேல் இரண்டு கை நெல்லைத் தள்ளி மூடினாள்.

"அண்ணி, மரக்கால் என்ன ஆச்சு? அப்பா தலைமாட்டுல விளக்கு வைக்கணும்ல" என்று கூடத்திலிருந்து நீலா கேட்டாள்.

நீலா செத்துப்போனவரின் மகள். ஒரத்தநாட்டிலிருந்து காலையிலேயே காரில் வந்து இறங்கினாள். கொஞ்ச நேரம் அழுதாள். அதற்குப் பிறகு வீடு அவள் அதிகாரத்தில் இருந்தது.

"இதோ வந்துட்டேன்."

"நான் வேணா வந்து அள்ளவா?"

"வேணாம். நீ அத்தை பக்கத்துல இரு."

கல்யாணமென்றாலும் நெல், சாவென்றாலும் நெல். இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எந்தப் பெண்ணாவது ஒளிக்க வேண்டியதைக் கொண்டுபோய் நெல்லுக்குள் ஒளிப்பாளா? வானதி ஒளித்திருந்தாள். அந்த நெல்லில் ஒரு மரக்கால் மாமனாரின் தலைமாட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்ற நினைப்பே அன்றைக்கு அவளுக்கு வரவில்லை. மனம் முழுக்க அவரை அழ வைப்பதிலேயே இருந்தால் அவர் சாவைப் பற்றி யோசிக்க எங்கே நேரம்?

மரக்காலைக் கொண்டுபோய் வைத்து, அதன்மேல் விளக்கை ஏற்றினாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குள் சாரங்கபாணி நெற்றி நிறைய விபூதியோடு படுத்திருந்தார். அவர் கால்மாட்டுச் சுவரில் பெரிய டிவி. அதன் கீழே பலகையில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியதாக, இன்டர்நெட்டிலிருந்து படம் கொண்டுவரும் பழைய பாக்ஸ். அதன் வெள்ளைப் பொட்டு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நேற்று மாலையிலிருந்து அதை யாரும் அணைக்கவில்லை.

நேற்று மாலை கஞ்சி கொண்டுபோனபோது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. படம் வரவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அணைச்சுடவா மாமா?" என்று கேட்டாள். கேட்கும்போதே உள்ளுக்குள் இனித்தது.

"சுத்தட்டும் வானதி. அது சுத்தட்டும்" என்றார்.

அவளிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். விடிந்தபோது பேச்சு மூச்சில்லை.

அந்த வட்டத்துக்கு ஒரு கதை உண்டு. ஊரடங்கு வருஷம் வேதாரண்யத்தில் வானதியின் அப்பா செத்துப்போனார். வண்டி கிடையாது, வழியெல்லாம் தடுப்பு. அவள் தம்பி போன் மூலம் சாவை நேரலையாகப் போட்டான். இந்தப் பாக்ஸ் அப்போது புத்தம் புதுசு. சிங்கப்பூரிலிருக்கும் சின்ன மகன் ராம்கி அப்பாவுக்கென்று அனுப்பி, பெரிய திரையில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்த காலம். வானதி மாமனாருக்கு முன்னால் போய் நின்று, அரை மணி நேரம் டிவியை விட்டுத் தரச் சொல்லிக் கேட்டாள்.

"சாவைக் கொண்டாந்து நடுக்கூடத்துல காட்டப் போறியா? விளக்கு ஏத்துற எடம் இது. தீட்டு. போ, போன்ல பாத்துக்க" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது, யார் ஜெயித்தார்கள் என்று நாட்டுக்கே தெரிந்த ஒரு பழைய கிரிக்கெட் மேட்ச்.

கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து போனில் பார்த்தாள். மாமியார் கமலாம்பாள் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். தம்பி கொள்ளியை எடுத்துக் குனிந்தபோது டேட்டா தீர்ந்தது. அப்பாவின் முகத்துக்கு மேல் வட்டம் சுற்றத் தொடங்கியது. அது நிற்கவேயில்லை.

அன்றைக்கு வயிற்றில் விழுந்த நெருப்பை வானதி அணையவிடவில்லை. காத்திருந்தாள். அவருக்குப் பொங்கிப் போட்டாள், இடுப்பு எலும்பு முறிந்தபோது படுக்கையில் போனதை அள்ளி எடுத்தாள், கால் புண்ணுக்குப் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினாள். காத்திருந்தாள்.

பாக்ஸுக்கு வயதானது. முதலில் தயங்கியது, பிறகு திணறியது. ஒவ்வொரு ஆப்பாக இந்தச் சாதனத்தில் இனி இயங்காது என்று எழுத்து வந்தது. புதுசு வாங்கலாமா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடந்தது. "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றான் அவள் கணவன் தமிழரசன். "நடக்க முடியாத மனுஷனுக்கு வேற என்ன இருக்கு" என்று நீலா போனில் கத்தினாள். ராம்கி யாரையும் கேட்கவில்லை. ஊருக்கு விடுப்பில் வந்த ஒருவரிடம் புது பாக்ஸைக் கொடுத்தனுப்பினான். வந்தவர் தந்தபோது வீட்டு வாசலில் வானதி மட்டும் இருந்தாள்.

புதுசு வைப்பதா, பழசே ஓடட்டுமா என்ற தீர்ப்பு அப்படி அவள் கைக்கு வந்தது. யோசிக்க ஒன்றுமில்லை. மஞ்சள் பையில் சுருட்டி உள்ளறை டிரம்மில் நெல்லுக்குள் புதைத்தாள். வந்த பெட்டி எரியவில்லை, திருவாரூரில் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறது என்று எல்லாரிடமும் ஒரே பொய்யைச் சொன்னாள். உள்ளறை வாசலில் நிலைப்படி உயரம். வாக்கரை வைத்துக்கொண்டு அவரால் அதைத் தாண்ட முடியாது. அறுவடை முடிந்து குத்தகை நெல் வந்தால் கையை விட்டு ஈரம் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் அது எலும்பு முறிவதற்கு முந்தைய கதை.

"கடைக்காரன் என்ன சொல்றான்?" என்று கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாமான் வரலையாம் மாமா."

அப்புறம் ஒருநாளோடு கேட்பதை நிறுத்திவிட்டார். ஓய்ந்துபோனார் என்று வானதி நினைத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். அவர் வட்டத்தைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள். அந்தக் கூடத்தில் அவளுக்கு அதைவிட நல்ல நிகழ்ச்சி ஓடியதில்லை.

நீலா இப்போது வேறு ஏற்பாட்டில் இருந்தாள். ராம்கியின் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது, அவனால் வர முடியாது. பெண்களோ சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. அதனால் ஸ்டுடியோ ஆஸிமை வரவழைத்து, சுடுகாட்டிலிருந்து நேரலைக்குச் சொல்லியிருந்தாள்.

"அங்க அவன் பாப்பான், இங்க அம்மா டிவில பாக்கட்டும்" என்றாள். தீட்டு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர் கண்ணாடிக்குள் இருந்தார்.

ஆஸிம் பழைய ரிமோட்டை எடுத்துச் சோதித்துப் பார்த்தான். வட்டம் சுற்றியது. பிறகு அந்த எழுத்து வந்தது.

"இதுல வராதுங்க. ரொம்பப் பழசு" என்றான். அவன் கை தவறி ரிமோட் கீழே விழுந்து, மூடி திறந்து இரண்டு பேட்டரிகள் உருண்டன. பச்சை நிறம், ஏதோ வேற்று மொழி எழுத்து. வானதியே எடுத்துக் கொடுத்தாள். தமிழரசன் வாங்கிப் போட்டிருப்பான் போல என்று நினைத்துக்கொண்டாள்.

"ராம்கி அனுப்பினது எங்க அண்ணி?"

"ரிப்பேர்ல இருக்கு."

"இன்னுமா? இது என்ன கூத்து? எங்கப்பா இதோடவே மல்லுக்கட்டி செத்தாரா?" நீலாவுக்குக் குரல் உடைந்தது. ஆஸிமிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்கி, ஐஸ் பெட்டி மூடியைத் திறக்கச் சொல்லி, அப்பாவின் வலது கைக்குள் செருகினாள். "கூடவே போகட்டும். வேற யாருக்கு வேணும் இந்தக் கழுதை."

வானதி தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. இன்னும் கொஞ்சம் சுற்றட்டும் என்றிருந்தது.

மதியத்துக்குமேல் நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்டி, ரிமோட்டை மறுபடியும் அவர் கையிலேயே வைத்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். சங்கு ஊதி, பாடை தெரு முனையைத் தாண்டி வாய்க்கால் கரைமேல் ஏறியது. பெண்கள் முனையிலேயே நின்று திரும்பினார்கள். வீடு கழுவத் தண்ணீர் மொண்டு வைத்தாயிற்று. கமலாம்பாள் மட்டும் அணைந்து கிடந்த டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"கொள்ளி வைக்கிறதை பாக்க முடியாதா வானதி?" என்று கேட்டாள்.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வானதியே அன்றைக்குப் போனிடம் கேட்ட கேள்வி அது. கமலாம்பாள்மீது அவளுக்குக் கோபம் உண்டு, ஆனால் அது வேறு கோபம், சின்னக் கோபம். பகை அவரோடுதான். அவர் வாய்க்கால் கரையில் போய்க்கொண்டிருந்தார்.

எழுந்து உள்ளறைக்குப் போனாள். ரிப்பேர் கடைக்காரன் முந்தாநாள்தான் கொடுத்தான், சாவுப் பரபரப்பில் மறந்துபோயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். டிரம்முக்குள் முழங்கை வரை விட்டு மஞ்சள் பையை இழுத்தாள். நெல் சரிந்து தரையில் கொட்டியது.

அட்டைப் பெட்டியின் வாயில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

அவள் அதை ஒட்டவில்லை. அவள் வைத்தபோது கம்பெனி ஒட்டிய பட்டை பிரியாமல் இருந்தது. இது துணிப் பிளாஸ்திரி, அவர் கால் புண்ணுக்கு அவள் ஒட்டுகிறது. முனை கத்தரித்ததல்ல, பல்லால் கடித்துக் கிழித்தது. பிரித்தாள். பாக்ஸ் இருந்தது. வயர் இருந்தது. ரிமோட்டும் இருந்தது, அதன் முதுகில் பேட்டரி இருக்க வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது. கையேட்டில் படம் போட்டிருந்தது: இரண்டு பச்சை பேட்டரி.

வானதி நெல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நிலைப்படியைத் தாண்டியிருக்கிறார். ரேஷன் கடைக்கோ கோயிலுக்கோ அவள் போன ஒரு நேரத்தில், வாக்கரை வெளியே விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, நெல்லில் ஈரம் பார்க்க வந்திருக்கிறார். கை பையில் பட்டிருக்கிறது. எடுத்துப் பார்த்து, யார் வேலை என்று தெரிந்துகொண்டு, பழைய ரிமோட்டுக்கு பேட்டரி மட்டும் எடுத்துக்கொண்டு, ஒட்டி, மூடி, புதைத்துவிட்டு, போய் வட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கேட்பதை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

ஏன்? தண்டனையை ஏற்றுக்கொண்டாரா, இல்லை உன்னால் என்னை என்ன செய்ய முடியும் என்று உட்கார்ந்திருந்தாரா? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். ஊரைக் கூட்டியிருக்கலாம். தமிழரசனிடம் சொல்லி அடி வாங்கிக் கொடுத்திருக்கலாம். அவள் அதற்குத் தயாராக இருந்தாள், சொல்ல வேண்டிய பதிலைப் படுக்கையில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். அந்தப் பதிலை அவளிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழி வாங்கினதுகூட அவர் அனுமதியோடுதானா? அந்தப் பிச்சை அவளுக்கு வேண்டாம்.

அட்டைப் பெட்டியை மறைக்காமல் கையில் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

நீலா பார்த்தாள். "ரிப்பேர்லன்னு சொன்னீங்க?"

"ரிப்பேர் இல்ல. நெல்லுக்குள்ள இருந்துச்சு."

"யாரு வெச்சா?"

"நான்தான்."

வீடு கழுவ நின்ற பெண்களின் துடைப்பம் நின்றது. நீலா ஒரு அடி முன்னால் வந்தாள். "எதுக்கு?"

"எங்கப்பாவுக்குக் கொள்ளி வைக்கறப்ப உங்கப்பா என்னைக் கொல்லைக்கு அனுப்பினாரு. அதுக்கு."

"பாவி. ஒரு கெழவனை..." நீலா அட்டைப் பெட்டியைப் பிடுங்கி, வயரை எடுத்து டிவியில் செருகினாள். திரையில் ரிமோட்டில் ஏதாவது பொத்தானை அமுக்கச் சொல்லி எழுத்து வந்தது. அமுக்கினாள். மறுபடியும் அமுக்கினாள். மூடியைத் திறந்து காலிப் பள்ளத்தைப் பார்த்தாள்.

"பேட்டரி எங்க?"

"உங்கப்பா கையில" என்றாள் வானதி.

நீலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கமலாம்பாள் நிமிர்ந்து வானதியைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருந்ததா, இப்போதுதான் தெரிந்ததா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. பிறகு தன் பக்கத்தில் தரையைத் தட்டினாள்.

"உன் போன்ல வருமா பாரு" என்றாள்.

புது பேட்டரி வாங்கலாமென்றால், சாவுக்காகத் தெருவில் கடைகள் சாத்திக் கிடந்தன. வேறு வழியில்லை. வானதி உட்கார்ந்து போனைப் பிடித்தாள். ஒரு பக்கம் கமலாம்பாள், இன்னொரு பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டு நீலா, முதுகுக்குப் பின்னால் மற்ற பெண்கள். வட்டம் ஒரு சுற்று சுற்றியது. படம் வந்தது.

வரட்டி அடுக்கியிருந்தார்கள். தமிழரசன் மழித்த தலையோடு, தோளில் குடத்தோடு சுற்றி வந்தான். குடம் உடைந்தது. கொள்ளியை வாங்கக் கையை நீட்டியபோது, படத்துக்கு வெளியிலிருந்து யாரோ சொன்னார்கள், "தம்பி, கையில ரிமோட் இருக்கு பாருங்க. பேட்டரி வெடிக்கும். அதை எடுத்துடுங்க."

தமிழரசன் குனிந்தான். அப்பாவின் விரல்கள் விறைத்திருந்தன. ஒவ்வொன்றாக விலக்கி ரிமோட்டை எடுத்து, மூடியைக் கழற்றி உதறினான். வெற்று ரிமோட்டை மறுபடியும் அந்தக் கையிலேயே வைத்தான்.

"பச்சையா என்னமோ விழுந்துச்சே" என்றாள் கமலாம்பாள். "என்னது அது?"

"பேட்டரி, அத்தை."

தமிழரசன் திரும்பி நின்று கொள்ளியை வைத்தான். வானதி போனை இன்னும் கொஞ்சம் கமலாம்பாள் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். வட்டம் வரவில்லை. படம் ஒரு இடத்திலும் நிற்காமல் தெளிவாக ஓடியது. புகை எழுந்து திரையின் மேல்பாதியை மறைத்தது. கீழ்ப்பாதியில், வாய்க்கால் மணலில், இரண்டு பச்சை பேட்டரிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஆண்கள் திரும்பிப் பார்க்காமல் ஒவ்வொருவராக அவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.