தேய்த்த டாலர்

அப்பாவின் வலது கை நகங்களுக்குள் ஒட்டியிருந்த வெள்ளையை ஜொவிட்டா ஊக்கின் முனையால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். பல்பொடி. ஈரத்தில் குழைந்து, காய்ந்து, சுண்ணாம்பு மாதிரி இறுகிப்போயிருந்தது. உடலுக்கு உடுத்த வந்திருந்த ஆள் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றான்.

“இன்னா மேடம், நகத்தையெல்லாம் யார் பாக்கப்போறாங்கோ? ஜெபமாலைய சுத்திட்டா தெரியாது.”

“கொஞ்சம் இருங்க.”

“கை வெறச்சுக்கினு வருது. அப்பறம் கோட்டு ஏறாது, சொல்லிட்டேன்.”

அவள் கடைசி விரலையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாஷ்பேசின் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பிரகாசம் அதன் அடியில் ஒருக்களித்துக் கிடந்தார். சோப்புக் கிண்ணத்தில் நான்கு அமெரிக்க வெள்ளி டாலர்கள். ஐந்தாவது அவர் கையில், பழைய பல் பிரஷ்ஷோடு சேர்ந்து இருந்தது. ஜொவிட்டா குழாயை மூடினாள். டாலர்களைக் கழுவி, துப்பட்டாவால் ஒற்றி, நாணயத் தட்டில் அதனதன் குழியில் வைத்து பீரோவைப் பூட்டினாள். பிரஷ்ஷையும் பல்பொடி டப்பாவையும் குப்பைக் கூடையில் போட்டாள். அதன் பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டாள். அப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தது இதற்கெல்லாம் முன்பா பின்பா என்று அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். பிடிபடவில்லை.

நாணயத்தைத் தேய்க்கக் கூடாது என்பது அந்த வீட்டில் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்த கட்டளை. அம்மா மர்சலின் உயிரோடு இருந்தபோது ஒரு பழைய ராஜா தலை ரூபாயைப் புளி போட்டு விளக்கிவிட்டாள். அந்தத் தவக்காலம் முழுக்க அப்பா அவளிடம் பேசவில்லை. வெள்ளியின்மேல் காலம் ஏற்றும் நிறம்தான் அதன் உயிர். தேய்த்தால் பளபளப்பு வரும், நாணயம் செத்துப்போகும் என்பார். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பழைய காசு சேர்ப்பவர்கள் எதை வாங்கினாலும் சாந்தோமுக்கு எடுத்து வந்து அவர் சொல்லுக்காகக் காத்திருப்பார்கள்.

அந்த மனிதருக்குத்தான் ஒன்றரை வருடமாக நினைவு கலைந்துகொண்டிருந்தது. தொடக்கத்தில், தெளிவாக இருந்த ஒரு மாலையில், அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“வெளிய யாருக்கும் தெரிய வேணாம்மா. முக்கியமா கல்யாணராமனுக்கு. அவன் பரிதாபப்படுவான். அத என்னால தாங்க முடியாது.”

அன்றிலிருந்து அவள்தான் பார்த்துக்கொண்டாள். காசு சேர்ப்பவர்களின் ஞாயிறு கூட்டங்களுக்குக் காய்ச்சல், கண் ஆபரேஷன், முட்டி வலி என்று ஏதாவது சொன்னாள். அசோக் நகரிலிருந்து வந்துபோகும் தம்பி ஃபிரெட்ரிக்கிடமும் சொல்லவில்லை. அவன் வந்தால் பத்து நிமிடம் உட்காருவான். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அவன் திருப்தியாகக் கிளம்பிவிடுவான். வாட்ஸப் குழுவில் நண்பர்கள் புதிதாக வாங்கிய அமெரிக்கக் காசுகளின் படங்களைப் போட்டபோது அப்பாவின் பெயரில் பதில் எழுதியதும் அவள்தான். ஷாஹுல் ஹமீதின் 1921 டாலர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ‘கழுகின் மார்பு தேய்ந்திருக்கிறது, அவசரப்பட வேண்டாம்’ என்று எழுதினாள். ‘குருவே சொல்லியாச்சு’ என்று கல்யாணராமன் அதற்குக் கீழே போட்டிருந்தார்.

அந்த இருவரும் அன்று உச்சிவேளையில் வந்தார்கள். கல்யாணராமன் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மயிலாப்பூர் மாட வீதிக்காரர். ஷாஹுல் ஹமீதுக்கு பாண்டி பஜார் பக்கம் பழைய காசுக் கடை. ஹாலில் பெட்டிக்குள் கோட்டும் டையுமாகக் கிடந்த பிரகாசத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்கள். மெழுகுவர்த்தி காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது.

“காசை ஓரம் புடிச்சுத்தான் தூக்குவாரு,” என்றார் ஷாஹுல் ஹமீது. “ஃபிரெட்ரிக் பொறந்தப்போ ஆஸ்பத்திரில அப்டியேதான் புள்ளயத் தூக்கினாரு. நர்ஸு திட்டுச்சு.”

ஃபிரெட்ரிக் சிரித்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

கல்யாணராமன் ஜொவிட்டா பக்கம் திரும்பினார். “பாத்துடலாமா அம்மா?”

இதற்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் இறந்தால், அவர் கடைசியாக வாங்கிய நாணயத்தை உடல் இருக்கும் அறையிலேயே கைமாற்றிப் பார்ப்பார்கள். இரங்கல் வார்த்தை கிடையாது. கண்ணுக்குத் தெரிவதை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், இல்லாததைச் சொல்லக் கூடாது. இதைத் தொடங்கி வைத்தவரே பிரகாசம்தான். கடைசியாக அவர் வாங்கியது அந்த ஐந்து டாலர்கள். அவற்றில் ஒன்று 1885-ஆம் வருடத்தது. பல வருடம் துணிப் பைக்குள் கிடந்து விளிம்பிலிருந்து நடுவரை ஊதாவும் நீலமும் செம்பும் படர்ந்தது. ஜொவிட்டா அவர் பெயரில் போட்ட அதன் படத்தைப் பார்த்து குழுவே இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசியது. கையில் வாங்கிப் பார்க்க ஒருவருக்கும் வாய்க்கவில்லை.

“பீரோ சாவி எங்கன்னு தெரியல அங்கிள். இந்தக் களேபரத்துல…”

“சாவியா?” என்றான் ஃபிரெட்ரிக். “உன் செயின்லதானே கோத்துப் போட்டிருக்க. தோ தெரியுதே.”

அவள் உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே சற்று நின்றாள். பின்பக்கத் தெருவில் மீன்காரி குரல் கொடுத்துக்கொண்டு போனாள்.

கல்யாணராமன் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு 1885-ஐ விளிம்பில் பிடித்து எடுத்தார். ஜன்னலுக்குப் போனார். காசில் பொறித்திருந்த பெண் தலையை வெளிச்சத்தில் ஒரு பக்கம் சாய்த்தார். மறு பக்கம் சாய்த்தார்.

“எண்பத்தஞ்சு. கழுகுக்குக் கீழே ஓ எழுத்து. நியூ ஆர்லியன்ஸ்ல அடிச்சது.” நிறுத்தினார். “தேச்சிருக்கு.”

ஷாஹுல் ஹமீது வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். “ஆமா. தேச்சுதான் கீது.”

கல்யாணராமன் தட்டிலிருந்த மற்ற நான்கையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். புதுப் பாத்திரக் கடைபோல எல்லாம் மின்னின.

“எல்லாத்தையும்னா தேச்சிருக்கு. மூணு மாசம் முன்னாடி படம் போட்டானே, அதுல நன்னா இருந்ததே. அதுக்கப்புறம் யாரு…” அவர் பார்வை மெல்ல நகர்ந்து பெட்டிக்குள் இருந்த முகத்தில் போய் நின்றது. “ஷாஹுல், போன மாசம் போன்ல பேசினேன்னு சொன்னேனோல்லியோ. என்னை யாருன்னு ரெண்டு தரம் கேட்டான். லைன் சரியில்லேன்னு நினைச்சுண்டேன். ஒருவேளை இவன்…”

“நான்தான் அங்கிள்,” என்றாள் ஜொவிட்டா.

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“நான்தான் தேச்சேன். கறுப்பா, அழுக்கா இருந்துச்சு. நீங்கள்லாம் வந்து பாப்பீங்கன்னு தெரியும். நல்லா இருக்கட்டும்னு.”

“எதால?”

“பல்பொடி.”

கல்யாணராமன் கண்ணை மூடிக்கொண்டார்.

“உனக்கு அறிவிருக்கா?” ஃபிரெட்ரிக் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். “அம்மாகிட்ட டாடி பேசாம இருந்தது மறந்துபோச்சா? இத்தன வருஷம் கூடவே இருந்தவ நீ. எனக்கே தெரியும்டி, தேய்க்கக் கூடாதுன்னு.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“வுடு தம்பி. சாவு வூட்ல இன்னா பேச்சு இது,” என்றார் ஷாஹுல் ஹமீது. அவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கல்யாணராமன் கண்ணைத் திறந்தார். “பிரகாசம் பாத்தானா?”

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. பார்த்தார் என்றால், அதைப் பார்த்துத்தான் நெஞ்சு நின்றது என்று ஆகிவிடும். ஜன்னல் வழியாகத் தேவாலய மணி கேட்டது. துக்க மணி, ஒவ்வொரு அடிக்கும் இடையில் நீண்ட இடைவெளி விட்டு.

“இல்ல அங்கிள். டாடி போனதுக்கு அப்பறம்தான் எடுத்துத் தேச்சேன். இன்னிக்குக் காலைலதான்.”

“பாக்காம போனான். அவன் பண்ணின புண்ணியம்.” கையிலிருந்த டாலரைத் தட்டின் குழியில் வைத்துவிட்டுப் பெட்டியருகே வந்தார். இறந்தவரிடம் பேசுவதுபோலவே சொன்னார். “ஊர்ல யார் தேச்சுக் கொண்டுவந்தாலும் மோந்தே கண்டுபிடிச்சுடுவே. உங்காத்துலயே இப்படி ஒண்ணை வெச்சுண்டிருந்தியேடா.”

அப்பாவின் முகம் எப்போதும்போலக் கண்டிப்பாக இருந்தது. ஜொவிட்டா தட்டை எடுத்துக்கொண்டுபோய் பீரோவில் வைத்தாள். பூட்டத் தோன்றவில்லை.

மாலையில் அடக்கத் திருப்பலி முடிந்து கல்லறைக்குப் போனார்கள். குழுவின் மற்றவர்களும் வந்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் கல்யாணராமன் அவர்களிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் பின் ஒருவராக அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்பாவுக்காக இன்னும் கொஞ்சம் அழுதார்கள். பிரகாசத்தின் கண்ணுக்கு ஈடு இனி இல்லை என்று யாரோ சொன்னது அவள் நின்ற இடம்வரை கேட்டது.

பெட்டி இறங்கியதும் வரிசையாக வந்து மண் போட்டார்கள். கடற்காற்றில் மண் ஈரமாக, கையில் ஒட்டும்படி இருந்தது. குழியின் அந்தப் பக்கம் நின்ற ஜொவிட்டா போட்டுவிட்டு வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் நீட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணராமன் மூன்று பிடி போட்டார். நிமிர்ந்து, கையை விரித்தபடி துடைக்க இடம் தேடினார். அவள் துண்டை நீட்டினாள்.

அவர் துண்டைப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவளைக் கடந்து போனார். வெள்ளை வேட்டியில் ஐந்து விரல்களும் செம்மண்ணாகப் பதிந்திருந்தன. ஜொவிட்டா அதைப் பார்த்துக்கொண்டே துண்டை வரிசையில் அடுத்து வந்தவரிடம் நீட்டினாள்.