வாயால் சொன்ன எடை

“எடை எவ்வளவு?” என்று நர்ஸ் கேட்டது கட்டிலில் இருந்தவளைத்தான். பதில் சொன்னது அவளுடைய அம்மா.

“அறுபத்தெட்டு.”

மூன்று வருஷத்துக்கு முன் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்ன எண் அது. அன்றைக்கே பொய். இப்போது கால்மாட்டில் சம்பந்தியம்மாள் நிற்கும்போது வேறு எதைச் சொல்வாள்? மருமகள் பருமன் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கண்ணால் பார்ப்பது வேறு, எண்ணாகக் காதில் விழுவது வேறு. நர்ஸ் கட்டிலில் இருந்தவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். வார்டில் இருந்த எடை மிஷின் ரிப்பேர். வேலையோ தலைக்கு மேல் கிடந்தது. எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

பித்தப்பை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் வயிற்றில் ஓர் ஊசி போட்டார்கள், அறுபத்தெட்டு கிலோவுக்கு உரிய அளவில். எழுந்து நடக்கவும் சொன்னார்கள். அவள் இரண்டு எட்டு வைத்தாள்.

“பார்த்தும்மா, தரை தாங்கணுமே” என்று மாமியார் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரிகளும் சிரித்தார்கள். அவள் திரும்ப வந்து படுத்துவிட்டாள். அவமானமாகக்கூட இல்லை, அதெல்லாம் மரத்துப்போய் ரொம்ப நாளாகிறது.

நாலாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்திருந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர், “கால்ல ரத்தம் கட்டியிருக்கு. நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. உடனே வேற மருந்து ஆரம்பிக்கணும். சரியான எடையைச் சொல்லுங்க” என்றார்.

அம்மா வாயைத் திறந்தாள். மகள் அவள் கையை அழுத்தினாள்.

“நூத்தி ரெண்டு.”

“மெதுவாச் சொல்லுடி” என்றாள் அம்மா.

“நூத்தி ரெண்டு, டாக்டர். போன மாசம் பார்த்தது.”

டாக்டர் மருந்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்ததும் மாமியார் பிடித்துக்கொண்டாள். “அப்போ பொய் சொல்லித்தான் என் புள்ளை தலையில கட்டினீங்களா? ரொம்ப நல்லா இருக்கு சம்பந்தி!”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மானம் போயிற்றே என்றுதான் அழுகை. மகளின் கணவன் சுவரோரம் நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். வீங்கிய காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அவள் நர்ஸைக் கூப்பிட்டாள். “சிஸ்டர், பார்க்கிற நேரம் முடிஞ்சிருச்சுன்னு இவங்ககிட்ட சொல்லிடுங்க.”

முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, “எல்லாரும் வெளிய போங்க” என்றாள்.

மாமியாரும் கணவனும் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். அம்மா மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

“அம்மாவுமா?” என்று நர்ஸ் கேட்டாள்.

“அம்மாவும்தான்.”